168 கிலோ பறக்கும் கார் மாதிரி: முதல் முறை மேலே எழுப்பும் முன் என்னென்ன பார்க்கணும்?

தக்கலை_பட்டறை (கேள்வி)

நான்கு கை, கைக்கு மேலே ஒன்று கீழே ஒன்றாக எட்டு மோட்டார், நான்கு சக்கரம். ரோட்டில் ஓட்டும்போது கைகள் கீலில் மடங்கும். ஆள் ஏற மாட்டார், ரிமோட்டில்தான் சோதனை. ஸ்டார்ட்அப் பதிவு உண்டு.

எடைக் கணக்கு: கைகளோடு பிரேம் 38 கிலோ, மோட்டார்-ஈஎஸ்சி (மோட்டார் வேகக் கட்டுப்படுத்தி)-ப்ராப் (விசிறி) எட்டு செட் 25, பேட்டரி 34, ஃபைபர் உடல் 25, சக்கரம்-ஹப் மோட்டார்-ஸ்டியரிங் 28, வயரிங் 10, மற்றவை 8. மொத்தம் 168. திட்டமிட்டது 140.

ப்ராப் 40 அங்குலம். பேட்டரி 12எஸ் 30 ஏஎச் லிப்போ நான்கு. இரண்டிரண்டாகத் தொடரில் போட்டு 24எஸ், அதாவது 24 செல் தொடரில். பெஞ்சில் ஒற்றை மோட்டார் அதிகபட்சம் 38 கிலோ இழுத்தது. 38 x 8 = 304, எடையைப் போல 1.8 மடங்கு, போதும் என்று எடுத்துக்கொண்டோம். கைகள் 6061-டி6 அலுமினியக் குழாய், வெளிவிட்டம் 60 மிமீ, சுவர் 3 மிமீ, நீளம் 1.2 மீட்டர், வேரில் தகட்டோடு டிக் வெல்டிங். கட்டுப்பாடு ஆர்டுபைலட் மென்பொருள்.

கைநுனிகளை நான்கு ஸ்ட்ராப்பால் தரைக் கொக்கியில் இறுக்கிக் கட்டி, ஸ்டெபிலைஸ் மோடில் (வண்டி தானே சமன் பிடிக்கும் முறை) பாதி த்ராட்டில் கொடுத்தால் கண்ணுக்குத் தெரிகிற அளவு நடுங்குகிறது. லாகில் வைப்ரேஷன் 45. உச்சங்கள் 8, 41, 82 ஹெர்ட்ஸில். இடத்துக்கு முப்பந்தல் பக்கம் ஒரு தரிசும் மணவாளக்குறிச்சி பக்கம் கடலோரத் திடலும் பார்த்திருக்கிறோம். எது சரி? முதலில் எதைத் திருத்த?

---

எட்டுவிசிறி

நடுக்கத்துக்கு அப்புறம் வருவோம். 304 என்ற எண்ணே தப்பு, இரண்டு விதத்தில்.

ஒன்று: தனி மோட்டாரில் அளந்ததை எட்டால் பெருக்கக் கூடாது. கீழ் ப்ராப் மேல் ப்ராப் தள்ளிவிட்ட காற்றில் சுற்றுகிறது. இரட்டை அடுக்கில் 15 முதல் 20 சதம் போய்விடும். ஆக ஒரு கைக்கு 76 இல்லை, 62 கிலோ அளவில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கைக்கு 248. விகிதம் 1.48.

இரண்டு: அந்த 38 முழு சார்ஜில், அதாவது 100.8 வோல்ட்டில் வந்திருக்கும். த்ரஸ்ட் (மேலே தள்ளும் விசை) ஏறக்குறைய வோல்ட்டின் வர்க்கத்தில் இறங்கும். லோடில் பேட்டரி 84 வோல்ட்டுக்கு வந்தால் 0.69 மடங்கு. ஒரு கைக்கு 43 கிலோதான். அந்தரத்தில் நிற்கவே ஒரு கைக்கு 42 கிலோ வேண்டும். பேட்டரி பாதியைத் தாண்டியதும் முழு த்ராட்டில் கொடுத்தும் வண்டி மெல்ல இறங்கும். சாய்வைத் திருத்த ஒரு கிலோகூட மிஞ்சாது. இப்படி விழும் வண்டியை "கன்ட்ரோலர் கோளாறு" என்று சொல்லி இரண்டு மாதம் கோடு பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு மோட்டார் நின்றால் என்ன ஆகும் என்பதும் இதே கணக்குதான். அதே கையின் கூட்டாளி தனியாக 42 கிலோ தூக்கணும்; அது முழு சார்ஜிலேயே 38தான் தரும்.

பெரிய ப்ராப் போட்டுவிடலாம் என்று தோன்றும். அதே மோட்டாரில், அதே சுற்றில் 47 அங்குலம் போட்டால் திறன் தேவை விட்டத்தின் ஐந்தாம் படியில் ஏறும்: 2.2 மடங்குக்கு மேல். ஈஎஸ்சி கருகும். கேவி (வோல்ட்டுக்கு எத்தனை சுற்று) குறைந்த மோட்டாரோடு சேர்த்து மாற்றினால் மட்டுமே அது வழி.

இப்போதைக்குச் செய்யக்கூடியது: பறக்கும் சோதனைக்கு உடலைக் கழற்றுங்கள் (25), சக்கரத் தொகுதியைக் கழற்றி 6 கிலோ குழாய் ஸ்கிட் போடுங்கள் (22 மிச்சம்). 121 கிலோ. முழு சார்ஜில் விகிதம் 2.05, லோடில் 92 வோல்ட்டில்கூட 1.7. அந்தரத்தில் நிற்கத் தேவை சுமார் 24 கிலோவாட், 270 ஆம்பியர். 168 கிலோவில் இதுவே 40 கிலோவாட், 445 ஆம்பியர். எடை குறைந்தால் திறன் அதைவிட வேகமாகக் குறையும் என்பதை இங்கே பார்க்கலாம். ரோடு ஓட்டத்தைத் தனியாக, ப்ராப் இல்லாமல் சோதியுங்கள். இரண்டும் தனித்தனியே தேறிய பிறகு ஒன்றாக்கலாம்.

92 வோல்ட் வந்ததும் இறக்கம். முதல் பத்து முறை மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

---

குளச்சல்_ஃபைபர்

உடல் 25 கிலோ என்றாலே தெரிகிறது, படகு கட்டும் முறையில் போட்டிருக்கிறீர்கள். 450 கிராம் சாப்ட் மேட் (நறுக்கிய கண்ணாடி இழை விரிப்பு) மூன்று அடுக்கு, பாலியஸ்டர் ரெசின், மேலே ஜெல்கோட். மேட் தன் எடையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு ரெசின் குடிக்கும். சதுர மீட்டருக்கு 5 கிலோ வந்துவிடும். வள்ளத்துக்கு அது வேணும், அலையில் மோதணும். இதற்கு எதுக்கு?

அதே அச்சில் 200 கிராம் நெய்த கண்ணாடித் துணி ஒரு அடுக்கு, 5 மிமீ பிவிசி ஃபோம், மறுபடி ஒரு அடுக்கு, எபாக்ஸி. நெய்த துணிக்கு ரெசின் ஒன்றுக்கு ஒன்று போதும். ஃபோமின் துளை நிரப்பும் ரெசினையும் சேர்த்து சதுர மீட்டருக்கு ஒன்றரை கிலோவுக்குள் முடியும். உங்கள் 5 சதுர மீட்டர் உடல் 7 கிலோ. கீல், பூட்டு, திருகு வரும் இடங்களில் ஃபோமை வெட்டி எடுத்துவிட்டு ப்ளை துண்டு வையுங்கள். ஃபோம் மேல் போல்ட் இறுக்கினால் நசுங்கும், ஒரு வாரத்தில் ஆடும்.

ஃபோமில் பாலிஸ்டைரீன், அதாவது தெர்மோகோல், வாங்கிவிடாதீர்கள். பாலியஸ்டர் ரெசின் பட்டதும் கரைந்து ஓடும். ஜூன், ஜூலையில் சாரல் ஈரத்தில் எபாக்ஸி ஊற்றினால் மேல்பரப்பில் மெழுகுபோல் ஒரு படலம் வரும். அடுத்த அடுக்குக்கு முன் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி உரசாவிட்டால் அடுக்கு பிரியும்.

---

கோட்டார்_லேத்

உடல் கிடக்கட்டும், கைவேர் வெல்டிங்தான் எனக்குப் பயம்.

கைநுனியில் 76 கிலோ என்று மேல்வரம்பு வைத்தால் 1.2 மீட்டரில் வளைவுத் திருப்பம் கிட்டத்தட்ட 900 நியூட்டன் மீட்டர். உங்கள் குழாயில் தகைவு 123 மெகாபாஸ்கல். டி6 நிலையில் 6061 அலுமினியம் 240க்கு மேல் தாங்கும், இரண்டு மடங்கு கையிருப்பு. ஆனால் வெல்டிங் சூடு பட்ட பட்டையில் டி6 பதம் போய்விடும். வலிமை பாதி, சில இடத்தில் அதற்கும் கீழே. அதாவது அதிகபட்சத் தகைவு வருகிற அதே வேர் இடத்தில் உலோகம் மிக மென்மையாக இருக்கிறது. பார்வைக்கு வெல்டிங் அழகாகத்தான் இருக்கும்.

மாற்று: வேரில் 300 மிமீ நீளத்துக்கு உள்குழாய் செருகி, வெளியே இரண்டு பாதியாகக் கடைந்த கிளாம்ப் கட்டையால் பிடியுங்கள். கட்டைக்கு நான்கு எம்8 போல்ட், நைலாக் நட். குழாயில் துளை போட்டே தீரணும் என்றால் பக்கவாட்டில், நடு உயரத்தில் போடுங்கள். மேலேயும் கீழேயும் துளை கூடாது; இழுவிசையும் அமுக்கமும் உச்சம் அங்கேதான்.

பிறகு சுமைச் சோதனை. பிரேமைக் கவிழ்த்து வையுங்கள், அப்போது மேல்நோக்கிய த்ரஸ்டின் திசையில் மணல் மூட்டை தொங்கும். ஒவ்வொரு நுனியிலும் 114 கிலோ, அதாவது 76இன் ஒன்றரை மடங்கு. 20 கிலோவாக ஏற்றணும், மூட்டை தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் உயரக் கூடாது. இந்தக் குழாய்க்குக் கணக்குப்படி நுனி 43 மிமீ தாழணும். 60 தாழ்ந்தால் அந்த மிச்சம் கீலிலோ கிளாம்பிலோ இருக்கிற தளர்வு. பத்து நிமிடம் விட்டு இறக்குங்கள். நுனி பழைய இடத்துக்கு ஒரு மிமீக்குள் திரும்பாவிட்டால் எங்கேயோ நிரந்தரமாக வளைந்துவிட்டது.

மடக்கும் கீலுக்கு நேர்பின் போதாது. கூம்புப் பின் போட்டு ஸ்ப்ரிங்கால் இறுக்கினால்தான் தேய்ந்தாலும் ஆட்டம் வராது. பின் முழுக்க உள்ளே போனதை உணர நான்கு கைக்கும் மைக்ரோ ஸ்விட்ச், நான்கும் தொடரில். ஒன்று விட்டாலும் மோட்டார் ஆர்ம் (சுழலத் தயார்) ஆகக் கூடாது.

---

நாட்ச்_ஃபில்டர்

லாகில் மூன்று உச்சம் வந்தது நல்லதுதான், மூன்றுக்கும் காரணம் வேறு.

41 ஹெர்ட்ஸ்: உங்கள் ப்ராப் நிமிடத்துக்கு 2,400 சொச்சம் சுற்றுகிறது, நொடிக்கு 41. சுற்றுக்கு ஒருமுறை வரும் அதிர்வு என்றால் சமனின்மை. நுனியில் ஒரு கிராம் வித்தியாசம் இருந்தால் இந்த வேகத்தில் 3 கிலோவுக்கு மேல் சுழல் இழுப்பு. முழு வேகத்தில் 6 கிலோ. ஒரு கிராம்! சமனித் தண்டில் வைத்து, இலகுவான இலையின் அடிப்பக்கத்தில் டேப் ஒட்டிச் சரிசெய்யுங்கள். இலை மட்டும் போதாது, ஹப்பையும் 90 பாகை திருப்பிப் பாருங்கள்.

82 ஹெர்ட்ஸ்: இரண்டு இலை, சுற்றுக்கு இருமுறை. ஒவ்வொரு இலையும் கையைக் கடக்கும்போது விழும் அடி. முழுக்கப் போகாது. ப்ராப்புக்கும் கைக்கும் இடைவெளி குறைவாக இருந்தால் கூட்டுங்கள். மீதியை ஹார்மோனிக் நாட்ச் ஃபில்டர் (குறிப்பிட்ட அதிர்வெண்களை மட்டும் வெட்டும் வடிகட்டி) பார்த்துக்கொள்ளும். ஈஎஸ்சி சுற்றுவேகத்தை அனுப்பினால் அதையே நாட்ச்சுக்குக் கொடுங்கள்.

8 ஹெர்ட்ஸ்: இதுதான் கண்ணில் படுகிறது, இதுதான் ஆபத்து. நுனியில் 6 கிலோ உள்ள இந்தக் கையின் இயல் அதிர்வெண் கணக்குப்படி 10 ஹெர்ட்ஸ். 8க்கு இறங்கியிருக்கிறது என்றால் கோட்டார் அண்ணன் சொன்ன தளர்வு கீலில் இருக்கு. கன்ட்ரோலர் திருத்தம் கொடுக்க, கை வளைந்து தாமதமாகப் பதில் சொல்ல, அதை மறுபடி திருத்த, இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன. தளர்வை முதலில் எடுங்கள். அதன் பிறகு ரோல், பிட்ச் ரேட் பி-யையும் டி-யையும் (சாய்வை எவ்வளவு வேகமாகத் திருத்தணும் என்று சொல்லும் எண்கள்) இயல்பு மதிப்பில் பாதியாக்கி ஆரம்பியுங்கள். ஜைரோ ஃபில்டர் 20 ஹெர்ட்ஸ். இயல்பு மதிப்புகள் சின்ன ட்ரோனுக்கு வைத்தவை. வைப்ரேஷன் 30க்குக் கீழே வராமல் மேலே எழுப்பக் கூடாது. 60 தாண்டினால் உயரக் கணிப்பே தப்பாகும்.

இன்னொன்று. கைநுனியை இறுக்கிக் கட்டி ஸ்டெபிலைஸ் மோடில் ஓட்டியது தவறு. வண்டி திரும்ப முடியாதபோது ஐ-பகுதி (தீராத பிழையைக் கூட்டிக்கொண்டே போகும் திருத்தம்) தேங்கிக்கொண்டே போகும், ஒரு பக்க மோட்டார் முழு வேகத்துக்கு ஏறும். ஸ்ட்ராப் அறுந்தால் அந்த நொடியே கவிழும். இறுக்கிக் கட்டினால் மோட்டார் டெஸ்ட் மட்டும். ஸ்டெபிலைஸ் வேணும்னா கயிறு தளர்வாக, வயிற்றுக்குக் கீழே நடுவில் ஒற்றைக் கொக்கியில்.

---

தக்கலை_பட்டறை

கீலைக் கையால் ஆட்டினால் நுனியில் 9 மிமீ ஆட்டம் தெரிகிறது. வெல்டிங்கை அறுத்து கிளாம்ப் கட்டை போடுகிறோம். தளர்ந்த கயிற்றுக்கு ஹார்பரில் கிடைக்கிற படகுக் கயிறு போதுமா? காந்தமானி 200 ஆம்பியருக்கு மேல் போனதும் 50 பாகை திரும்புகிறது, அதற்கும் வழி சொல்லுங்கள்.

---

வடசேரி_வயரிங்

காந்தமானி: 400 ஆம்பியர் போகும் ஒற்றைக் கம்பி அரை மீட்டர் தள்ளி 160 மைக்ரோடெஸ்லா தரும். இங்கே பூமியின் புலமே 40 அளவுதான். பாசிட்டிவ், நெகட்டிவ் கேபிளைப் பிரித்து ஓட்டியிருப்பீர்கள். ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டினால் இரண்டின் புலமும் பெரும்பாலும் கழியும். ஜிபிஎஸ் கம்பத்தை 60 செமீ உயர்த்துங்கள், அலுமினியம் அல்லது ஃபைபரில், இரும்பு வேண்டாம். பிறகு காம்பஸ்மாட் (மின்னோட்டத்தால் காந்தமானி எவ்வளவு பிசகுகிறது என்று அளக்கும் ஆர்டுபைலட் சோதனை) ஓட்டி குறுக்கீடு 30 சதத்துக்குள் வருகிறதா பாருங்கள். நம்ம ஊரில் ஒரு சௌகரியம்: காந்த நடுக்கோடு பக்கத்தில் போவதால் புலம் கிட்டத்தட்ட கிடைமட்டம், திசைக்கு முழுதும் பயன்படும். திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவை ராக்கெட் ஏவத் தேர்ந்ததே அந்தக் கோட்டுக்காகத்தான்.

நீங்கள் கேட்காதது ஒன்று. மெயின் கான்டாக்டர் (பேட்டரியை இணைத்துப் பிரிக்கும் பெரிய ஸ்விட்ச்) மோட்டார் பம்புக்குப் போடும் ஏசி வகையா? அதைக் கழற்றுங்கள். ஏசி மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடும், முனைகளுக்கு நடுவே எழும் மின்வில் தானே அணையும். டிசி அணையாது. அவசரத்தில் ஆஃப் செய்யும்போது முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஸ்விட்ச் இருந்தும் இல்லாத மாதிரிதான். 150 வோல்ட் டிசி என்று எழுதியதே வேணும், ஃபியூஸும் அப்படியே.

கான்டாக்டருக்கு இணையாக 100 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் வழி முன்சார்ஜ் 6 நொடி. இல்லாவிட்டால் எட்டு ஈஎஸ்சி கெப்பாசிட்டரும் ஒரே நேரத்தில் இழுத்து, கனெக்டர் முனை ஒவ்வொரு முறையும் குழி விழும். பெரிய கேபிளுக்கு ஹைட்ராலிக் கிரிம்ப். ஈயப்பற்று வைத்தால் அதிர்வில் பற்று முடியும் இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக ஒடியும்.

---

முட்டம்_காத்து

படகுக் கயிறு வேண்டாம் மக்கா. பாலிப்ரொப்பிலீன் வெயிலில் நைந்துபோகும். நைலான் ரப்பர் மாதிரி நீண்டு திரும்ப இழுக்கும், அந்த இழுப்பே வண்டியைச் சாய்க்கும். 2 டன் பாலியஸ்டர் ஸ்லிங் வாங்குங்கள். கீழே கனம்: அரை மீட்டர் கனசதுரக் கான்கிரீட் கட்டை ஒன்று 300 கிலோ. நான்கை ஒரு இரும்புச் சட்டத்தில் சேர்த்து நடுவில் கொக்கி. உங்கள் வண்டி முழு த்ரஸ்டில் நிகரமாக 127 கிலோ மேலே இழுக்கலாம், 1,200 கிலோ நகராது. கயிறு நீளம் ஒரு மீட்டர் எழும்பும் அளவு. கயிறு ப்ராப்பைத் தொடாத மாதிரி கடைசி அரை மீட்டருக்கு பிவிசி குழாய் மாட்டுங்கள்.

இடம். முப்பந்தலை மறந்துவிடுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் தென்மேற்குப் பருவக் காற்றைக் குவித்துத் தள்ளுகிற இடம், அதனால்தான் அத்தனை காற்றாலை. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே வெறும் பிரேமே நிற்காது. மற்ற மாதத்திலும் காற்றாலைக்குப் பின்னால் காற்று சுருண்டு வரும். உயர் அழுத்தக் கம்பிகள் வேறு. மகேந்திரகிரி இஸ்ரோ மையம், கூடங்குளம் அணு உலை இரண்டும் அந்தப் பக்கம்தான். அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் பச்சை மண்டலமா (முன் அனுமதி வேண்டாத வான்பகுதியா) என்று பார்க்காமல் அங்கே எதையும் எடுக்காதீர்கள்.

மணவாளக்குறிச்சி அதைவிட மோசம், காரணம் மண். அங்கே கருமணலில் இல்மனைட். மோட்டாருக்குள் இருக்கும் நியோடிமியம் காந்தம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காந்தத்துக்கும் சுருளுக்கும் நடுவே ஒரு மிமீகூட இடைவெளி இல்லாத மோட்டாரில் அது அரம். காற்றடித்தாலும் வெளியே வராது. உப்புக் காற்று தனி.

தக்கலை பக்கமே ஒரு சிமெண்ட் தளம், 60 மீட்டர் சுற்றில் தென்னையோ ரப்பரோ இல்லாமல் பாருங்கள். ஜனவரி முதல் மார்ச், காலை 6 முதல் 8. 2 மீட்டர் உயரத்தில் காற்று நொடிக்கு 3 மீட்டருக்குள், வீச்சு 5க்குள். கடற்காற்று ஏறியதும் மூட்டை கட்டிவிடணும். ப்ராப் சுழலும் தளத்துக்கு நேர் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது; ஹோவரிலேயே நுனி வேகம் நொடிக்கு 125 மீட்டர்.

---

ரூல்_புக்

ட்ரோன் விதிகள் 2021இல் 42ஆம் விதி: அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப், ஜிஎஸ்டி எண் உள்ள ட்ரோன் உற்பத்தியாளர், கல்வி நிறுவனம் போன்றோர் ஆராய்ச்சிக்காகப் பறக்கவிட வகைச் சான்று, யுஐஎன் (தனி அடையாள எண்), பைலட் உரிமம் தேவையில்லை. ஆனால் பச்சை மண்டலத்துக்குள், சொந்த வளாகத்திலோ தங்கள் கட்டுப்பாட்டிலுள்ள திறந்தவெளியிலோ மட்டும். 150 கிலோவுக்கு மேல் "பெரியது" வகை. 500 கிலோ வரை இந்த விதிகளே. ஒருவர் ஏறி உட்கார்ந்த நொடியில் அது ட்ரோன் இல்லை, விமானம். டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அனுமதி வேறு பாதை. பொது ரோட்டில் ஓட்டிப் பார்ப்பதும் இதில் வராது. டிரெய்லரில் ஏற்றிப் போங்கள்.

---

எட்டுவிசிறி

அவசரம் வேண்டாம் என்பதற்கு ஒரு அளவுகோல்: ஸ்லோவாக்கியாவின் ஏர்கார் 2022இல் சான்று வாங்கும் முன் 70 மணி நேரம் பறந்தது, 200க்கு மேல் ஏறி இறங்கியது. அது இறக்கை வகை, ஓடுபாதை வேணும். உங்களுடையது அதைவிட மன்னிக்காத வகை.

வரிசை இப்படி வையுங்கள். ப்ராப் இல்லாமல்: மோட்டார் எண், சுழல் திசை, ரிமோட்டை அணைத்தால் என்ன செய்கிறது, கில் ஸ்விட்ச். X8 அமைப்பில் (நான்கு கை, எட்டு மோட்டார்) மேல்-கீழ் எண் மாறிப்போவதுதான் அதிகம் நடக்கும். வண்டியைக் கையால் வலப்பக்கம் சாய்த்தால் வலப்பக்க நான்கும் வேகமெடுக்கணும். அடுத்து நான்கு தராசில் எடை: முன்ஸ்கிட் தராசுகளின் கூட்டை மொத்தத்தால் வகுத்து, முன்-பின் தாங்குமிட இடைவெளியால் பெருக்கினால் ஈர்ப்பு மையம் பின்தாங்கலிலிருந்து எவ்வளவு தூரம் என்று வரும். கைகளின் நடுப்புள்ளியிலிருந்து 20 மிமீக்குள் கொண்டுவாருங்கள், பேட்டரித் தட்டை நகர்த்தி. பிறகு இறுக்கிக் கட்டி ஒவ்வொரு கையாக முழு த்ரஸ்ட் 30 நொடி, மோட்டார் சூடு பாருங்கள். அதன் பிறகே தளர்கயிறு.

எழுப்பும்போது தயங்கித் தயங்கி த்ராட்டில் கொடுக்காதீர்கள். பாதி எடை ஸ்கிட்டில், பாதி காற்றில் என்ற நிலையில்தான் ஒரு பக்கம் சிக்கிக் கவிழும். ஒரே இழுப்பில் அரை மீட்டர்.

---

தக்கலை_பட்டறை

ஸ்கிட் குழாய்க்கு எத்தனை அகலம்?

---

கோட்டார்_லேத்

ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப் போல இரண்டரை மடங்கு. உங்களுடையது பேட்டரியோடு தரையிலிருந்து 55 செமீ இருந்தால் வெளிக்கு வெளி 1.4 மீட்டர். முனைகளை மேலே வளைத்துவிடுங்கள், சிமெண்ட் விரிசலில் குத்தாது. அடியில் டயர் துண்டு ஒட்டாதீர்கள், வழுக்கணும்.